குழந்தைக்கு எந்தத் தண்ணீர்: காய்ச்சினால் போவதும் போகாததும்

தருமபுரிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் போர்வெல் இருக்கிறது. பஞ்சாயத்துக் குழாயும் உண்டு, ஆனால் தினமும் வராது. பிள்ளைக்கு ஐந்து மாதம் முடியப் போகிறது. அடுத்த மாதம் நீங்கள் வேலைக்குத் திரும்ப வேண்டும், பால் பவுடர் ஆரம்பிக்கலாமா என்ற யோசனை. மாமியார், "காய்ச்சி ஆற வெச்சுக் குடு, நாங்க அப்படித்தானே வளர்த்தோம்" என்கிறார். வீட்டுக்காரர் ஆர்ஓ மெஷினுக்கு விலை விசாரிக்கிறார். அக்கம்பக்கத்தில் எல்லாரும் இருபது லிட்டர் கேன். இதில் எது பிள்ளைக்கு நல்லது, வெயில் இப்படிக் கொளுத்துகிறதே, இப்போதே நாலு ஸ்பூன் கொடுக்கலாமா என்பது கேள்வி.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். டாக்டர் இல்லை, பிள்ளைக்கு உடம்புக்கு என்றால் டாக்டரிடம்தான் போக வேண்டும். தண்ணீரைப் பற்றிக் கேட்டால் மட்டும் கொஞ்சம் நீளமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். ஆறு மாதம் முடிகிறவரை தண்ணீர் வேண்டாம். காய்ச்சினதும் வேண்டாம், கேனும் வேண்டாம். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான். சித்திரை வெயிலிலும் அது போதும். பிள்ளைக்குத் தாகம் எடுத்தால் அடிக்கடி பாலுக்கு அழும், கொடுத்தால் சரியாகிவிடும். உலக சுகாதார நிறுவனம் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று சொல்வதில் தண்ணீரும் கூடாது என்பது அடக்கம். காரணம் இரண்டு. அந்தச் சின்ன வயிற்றில் தண்ணீர் நிரம்பினால் அந்த அளவுக்குப் பால் குறையும். இன்னொன்று, சிறுநீரகம் இன்னும் முதிரவில்லை. தண்ணீர் அதிகமாகப் போனால் ரத்தத்தில் உப்புச் சத்து நீர்த்துப்போய் வலிப்புவரை கொண்டுபோகும். பால் பவுடர் டப்பா சீக்கிரம் தீர்ந்துவிடுகிறதே என்று தண்ணீரைக் கூட்டிக் கலக்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிறந்தவுடன் சேனை வைக்கிறோம், சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கிறோம், வயிறு உப்பினால் ஓமத் தண்ணீர், குளிப்பாட்டிய கையோடு உரை மருந்து. நான் பாட்டிமார்களைக் குறை சொல்ல வரவில்லை, எனக்கும் என் பாட்டி இழைத்துக் கொடுத்தார். ஆனால் உரைகல்லில் வசம்பும் ஜாதிக்காயும் இழைக்க ஊற்றும் அந்த இரண்டு ஸ்பூன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யாராவது கேட்கிறோமா? பெரும்பாலும் அடுப்படியில் திறந்து கிடக்கும் சொம்பிலிருந்துதான். சேனையில் தேன் இருந்தால் அது தனி ஆபத்து. ஒரு வயது முடியாத பிள்ளைக்குத் தேன் நாக்கில்கூடத் தொடக் கூடாது. அதிலுள்ள ஒரு வகைக் கிருமியின் விதை பிள்ளையின் குடலில் முளைத்து நரம்பைத் தளர்த்தும் விஷத்தைச் சுரக்கும்.

ஆறு மாதம் முடிந்து கூழும் பருப்புச் சாதமும் ஆரம்பித்த பிறகு, சாப்பாட்டோடு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். ஒரு வயதுவரை நாளுக்கு அரை டம்ளரிலிருந்து ஒரு டம்ளர், அதாவது 120 முதல் 240 மில்லி, அவ்வளவுதான் தேவை. அப்போது எந்தத் தண்ணீர் என்ற கேள்வி நியாயமாக வருகிறது. பால் பவுடர் கலக்கப் போகிறீர்கள் என்றால் இன்னும் அழுத்தமாக வருகிறது. ஐந்து கிலோப் பிள்ளை புட்டிப்பாலை மட்டும் நம்பியிருந்தால் நாளைக்கு முக்கால் லிட்டர்வரை குடிக்கும். அறுபது கிலோ உடம்புள்ள நீங்கள் அந்தக் கணக்கில் குடிப்பதென்றால் ஒன்பது லிட்டர் குடிக்க வேண்டும். தண்ணீரில் இருக்கும் எந்தக் கெடுதலும் கிலோ கணக்கில் பார்த்தால் உங்களைவிடப் பல மடங்கு பிள்ளைக்குத்தான் போகிறது.

இனி மாமியார் பேச்சுக்கு வருவோம். அவர் சொல்வதில் பாதி சரி. தண்ணீரில் வரும் தொல்லையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: உயிருள்ளது, கரைந்தது. வாந்திபேதி, டைபாய்டு, மஞ்சள் காமாலை என்று கொண்டுவரும் கிருமிகள் எல்லாம் உயிருள்ளது. அதற்குக் காய்ச்சுவதைப் போல இன்னொரு வைத்தியம் கிடையாது. தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிஷம் நின்றால் போதும். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி 2,000 மீட்டர் உயரத்து ஊர்களில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும் என்பதால் மூன்று நிமிஷம். உங்கள் ஊருக்கு ஒரு நிமிஷம்.

கரைந்தது என்பது ஃபுளோரைடு, நைட்ரேட், உப்பு, காரீயம் மாதிரியானவை. அடுப்பு இவற்றை ஒன்றும் செய்யாது. செய்வதென்னவோ நேர் எதிர். ஒரு லிட்டர் தண்ணீரை முக்கால் லிட்டராக வற்றக் காய்ச்சினால் ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும். கரைந்திருந்தது முழுக்கப் பாத்திரத்திலேயே நிற்கிறது. லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் இருந்த தண்ணீர் அதோடு 60 ஆகிவிடும். பிள்ளைக்கென்று கால் மணி, அரை மணி என்று அடுப்பிலேயே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. பாசம்தான், ஆனால் போர் தண்ணீரில் அந்தப் பாசம் வேலைக்கு ஆகாது.

உங்கள் மாவட்டத்துக்கு வருகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி மண்ணுக்கு அடியில் கடினப் பாறை. அந்தப் பாறையின் தாதுக்களிலிருந்து ஃபுளோரைடு மெல்லக் கரைந்து நிலத்தடி நீரில் சேர்கிறது. போரை ஆழமாக இறக்க இறக்கத் தண்ணீர் பாறையோடு உறவாடும் காலமும் கூடுகிறது. பல்லில் பழுப்புக் கறையோடு சிரிக்கும் பிள்ளைகளையும், முட்டி வளைந்தவர்களையும் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃபுளோரோசிஸ், அதாவது இந்தப் பல், எலும்புக் கோளாறின் பாதிப்பைக் குறைப்பது என்று இருக்கிறது. ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு கட்டி 2013-ல் தொடங்கிவைத்த அந்தத் திட்டம் காவிரித் தண்ணீரை இந்த இரண்டு மாவட்டத்துக்கும் கொண்டுவருவதே இதற்காகத்தான்.

இதில் ஆளை ஏமாற்றும் விஷயம் ஒன்று. ஃபுளோரைடு அதிகமாக இருக்கும் தண்ணீர் பல நேரம் சுண்ணாம்புச் சத்துக் குறைவான மென்னீராக இருக்கும். சோப்பு நன்றாக நுரைக்கும், பருப்பு பூப்போல வேகும், பாத்திரத்தில் வெள்ளை படியாது. ஊரில் அதற்கு "நல்ல தண்ணி" என்றே பெயர் வைத்திருப்பார்கள். நாக்குக்குத் தெரியாது, கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத் தெரியாது. பரிசோதனைக் கூடத்தில் அதற்கென்று ஒரு சிவப்புச் சாயக் கரைசல் வைத்திருப்போம். சோதனைக் குழாயில் தண்ணீரை எடுத்து அதில் சாயத்தை விட்டால், ஃபுளோரைடு இல்லாத தண்ணீரில் நிறம் அப்படியே நிற்கும். இருக்க இருக்கச் சிவப்பு வெளுத்துக்கொண்டே போகும். உங்கள் பக்கத்திலிருந்து சோதனைக்குக் கேன்கள் வரிசையாக வரும் நாட்களில் சோதனைக் குழாய்கள் நிற்கும் தாங்கியைப் பார்த்தாலே எந்தெந்த வீட்டுத் தண்ணீர் என்று வயிற்றைக் கலக்கும்.

இந்திய தர நிர்ணயம், ஐஎஸ் 10500, ஃபுளோரைடுக்குச் சொல்லும் அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை. நிரந்தரமாக வரப்போகும் முன்பற்களின் எனாமல் பிள்ளைக்கு மூன்று நான்கு மாதத்திலேயே ஈறுக்குள் உருவாக ஆரம்பித்துவிடுகிறது. இப்போது போகும் ஃபுளோரைடு ஏழு வயதில் முளைக்கும் பல்லில் கறையாகத் தெரியும். அதற்குப் பிறகு தேய்த்தாலும் போகாது. ஆறுதலான செய்தி, தாய் ஃபுளோரைடு தண்ணீர் குடித்தாலும் தாய்ப்பாலில் அது மிக மிகக் குறைவாகத்தான் இறங்குகிறது. அதே தண்ணீரில் பவுடர் கலந்தால் முழு அளவும் பிள்ளைக்குத்தான். முடிந்தால் தாய்ப்பாலை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வேலைக்குப் போங்கள். ஒரு நாள் தாராளமாகத் தாங்கும். தண்ணீர்ப் பிரச்சினை பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

நைட்ரேட் வேறு கதை. இது பாறையிலிருந்து வருவதில்லை, நம்மிடமிருந்து வருகிறது. கழிப்பறைக் குழி, மாட்டுத் தொழுவம், எருக்குழி, வயலுக்குப் போடும் யூரியா, எல்லாம் மழையோடு இறங்கிக் கிணற்றுக்குப் போகிறது. 1945-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹன்டர் காம்லி என்ற டாக்டர், பண்ணை வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பால் கலந்து குடித்த பச்சைக் குழந்தைகள் நீலம் பாரித்துப்போவதைக் கவனித்து எழுதினார். இதயத்தில் கோளாறு இல்லை, நுரையீரலில் கோளாறு இல்லை. கிணற்றை மாற்றினால் பிள்ளை தேறியது.

நடப்பது இதுதான். சின்னப் பிள்ளையின் வயிற்றில் அமிலம் குறைவு. அங்கே வாழும் பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றிவிடும். அந்த நைட்ரைட் ரத்தத்தின் ஹீமோகுளோபினைக் கெடுத்து, பிராணவாயுவைச் சுமக்க முடியாத வேறொன்றாக மாற்றும். பெரியவர்கள் உடம்பில் அதைத் திரும்பச் சரிசெய்யும் நொதி போதுமான அளவு இருக்கிறது. மூன்று நான்கு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளையிடம் அது குறைவு. உதடும் நகமும் சாம்பல் நீலமாகும். ஊசியில் எடுத்த ரத்தம் சிவப்பாக இல்லாமல் சாக்லேட் நிறத்தில் இருக்கும். அப்படி நிறம் மாறினால் ஒரு நிமிஷமும் வீட்டில் வைத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பேதி ஆகிற பிள்ளைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

நைட்ரேட்டுக்கு நம் அளவு 45 மில்லிகிராம், இதில் சலுகையே கிடையாது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் கிணறும் மலக்குழியும் தோட்டமும் நெருங்கியிருப்பதால் அங்கே இது பல வருஷத் தலைவலி. நம் ஊரில் ஃபுளோரைடைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதைப் பேசுவதில்லை. ஒரு முறை ஒரு பெரியவர் தன் கிணற்றுத் தண்ணீரைக் கண்ணாடிப் பாட்டிலில் கொண்டுவந்து, "இளநி மாதிரி இருக்கும்மா, குடிச்சுப் பாருங்க" என்று நீட்டினார். நிஜமாகவே கண்ணாடி மாதிரிதான் இருந்தது. சோதித்ததில் நைட்ரேட் மூன்றிலக்கம். கிணற்றுக்கு இந்தப் பக்கம் தொழுவம், அந்தப் பக்கம் கழிப்பறைக் குழி. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டேன். நல்லவேளை, இல்லை.

இப்போது வீட்டுக்காரருடைய மெஷின். ஆர்ஓ மெஷினை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஃபுளோரைடும் நைட்ரேட்டும் அதிகமாக இருக்கும் வீட்டில் அதுதான் கைக்கு எட்டும் வழி. வெறும் யூவி விளக்கு கிருமியை மட்டும் கொல்லும், கரைந்ததைத் தொடாது. மெழுகுவர்த்தி மாதிரி இருக்குமே, அந்த ஃபில்டரும் ஃபுளோரைடை நிறுத்தாது. ஆர்ஓவின் ஜவ்வுதான் பெரும்பகுதியைத் தடுத்து நிறுத்தும். என் கோபம் அதை விற்கிற விதத்தின் மேல்.

சேலத்தில் உறவுக்காரர் வீட்டில் நான் இருக்கும்போது ஒரு பையன் மெஷின் விற்க வந்தான். இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் வீட்டு போர் தண்ணீர், இன்னொன்றில் அவன் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர். உலோகக் கம்பிகள் தொங்கும் ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி ஸ்விட்சைப் போட்டான். அரை நிமிஷத்தில் போர் தண்ணீர் துருப்பிடித்த பழுப்பாகிச் சேறு மாதிரி திரண்டது. ஆர்ஓ தண்ணீர் அசையவில்லை. "இதைத்தான் மேடம் பாப்பாவுக்குக் குடுத்திட்டிருக்கீங்க" என்றான். அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் எழுந்துபோய் அடுப்படியிலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்துவந்து அவனுடைய ஆர்ஓ டம்ளரில் போட்டு, "இப்ப போடு தம்பி" என்றேன். அதுவும் பழுப்பாகியது. பழுப்பு தண்ணீரிலிருந்து வந்ததே இல்லை, அவனுடைய இரும்புக் கம்பி கரைந்து வந்தது. தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் பாயும், கம்பி கரையும். உப்பு இல்லாவிட்டால் பாயாது. அவ்வளவுதான் வித்தை. பையன் பாவம், அவனுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருப்பார்கள்.

டிடிஎஸ் மீட்டரும் இதே ரகம். பேனா மாதிரி இருக்கும், தண்ணீரில் விட்டால் எண் காட்டும். அது அளப்பது மொத்தமாகக் கரைந்த உப்பை, அதையும் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதை வைத்து ஊகமாக. 500-க்குள் இருந்தால் நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை என்பது நம் நாட்டு அளவு. ஆனால் டிடிஎஸ் 300 காட்டும் தண்ணீரில் ஃபுளோரைடு 3 இருக்கலாம், சாக்கடைக் கிருமி கோடிக்கணக்கில் இருக்கலாம். மீட்டருக்கு இரண்டுமே தெரியாது. அந்த மீட்டர் உருப்படியாகப் பயன்படும் ஒரே இடம், மெஷின் வாங்கிய பிறகு. புதிதில் உள்ளே போகும் தண்ணீர் 900, வெளியே வருவது 60 என்று சுவரில் எழுதிவையுங்கள். நாளாக ஆக வெளியே வருவது 200, 250 என்று ஏறினால் ஜவ்வு போய்விட்டது என்று அர்த்தம். சர்வீஸ்காரர் எப்போது வருவார் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

ஆர்ஓ தண்ணீரையும் பிள்ளைக்குக் காய்ச்சித்தான் கொடுக்க வேண்டும். ஜவ்வைத் தாண்டிய தண்ணீர் மெஷினுக்குள் ஒரு தொட்டியில் தேங்குகிறது, அதில் குளோரின் துளியும் இல்லை. தொட்டியையும் குழாயையும் கழுவாவிட்டால் கிருமி அங்கேயே குடித்தனம் நடத்தும். தாதுச் சத்து எல்லாம் போய்விடுமே என்று கேட்பார்கள். ஒரு வயதுக்குள் பிள்ளைக்குச் சத்து பாலிலிருந்தும் சோற்றிலிருந்தும் வருகிறது, அந்த அரை டம்ளர் தண்ணீரிலிருந்து இல்லை. ஆல்கலைன் தண்ணீர், பிள்ளைக்கென்றே தனித் தண்ணீர் என்றெல்லாம் விற்பதற்குக் காசைக் கொட்டாதீர்கள்.

கேன் தண்ணீரைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல கம்பெனியும் உண்டு, தெருமுனையில் போர் தண்ணீரையே பிடித்து ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்களும் உண்டு. 2024-ல் எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பாட்டில் தண்ணீரை அதிக ஆபத்துள்ள உணவு வகையில் சேர்த்தது, அதிலிருந்தே புரிந்துகொள்ளுங்கள். 14 இலக்க உரிம எண், அடைத்த தேதி, உடையாத சீல் மூன்றையும் பாருங்கள். கேன் வெயிலில் கிடந்ததா, மேலே பொருத்தும் பம்ப்பைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள் என்பதையும் பாருங்கள். சீல் உடைத்த கேனை வாரக்கணக்கில் வைத்து ஓட்டக் கூடாது. பிள்ளைக்கென்றால் இதையும் காய்ச்சத்தான் வேண்டும். பயணத்தில் பால் கலக்கக் கடையில் பாட்டில் வாங்கினால் சாதாரணக் குடிநீர் பாட்டிலாக வாங்குங்கள். இயற்கை மினரல் வாட்டர் என்று தனியாக விற்பதில் சோடியம் அதிகம் இருக்கக்கூடும், லேபிளில் லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் வேண்டாம்.

பால் பவுடருக்கு இன்னொரு விதி இருக்கிறது, டப்பா வாங்கித் தருகிற யாரும் சொல்வதில்லை. பவுடரே கிருமியற்றது அல்ல. அரிதாக அதில் குரோனோபாக்டர் என்ற கிருமி இருக்கலாம், பச்சைக் குழந்தைக்கு மூளைக்காய்ச்சல்வரை கொண்டுபோகும். ஆகவே ஆறின தண்ணீரில் பவுடர் கலக்கக் கூடாது. 2007-ல் உலக சுகாதார நிறுவனம் கொடுத்த வழிமுறைப்படி தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். தெர்மாமீட்டர் வேண்டாம், ஒரு லிட்டரைக் கொதிக்கவைத்து இறக்கி மூடி, அரை மணிக்குள் கலந்துவிட்டால் அந்தச் சூடு இருக்கும். கலந்த பிறகு புட்டியைக் குழாய்த் தண்ணீரில் பிடித்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். இரண்டு மணி நேரத்தில் தீராத மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். கீசரில் வரும் வெந்நீரைச் சூடாகத்தானே இருக்கிறது என்று பிடித்துக் கலக்காதீர்கள். அது தொட்டியில் நாள்கணக்கில் நின்ற தண்ணீர்.

காய்ச்சிய தண்ணீர் கெடுவது எங்கே தெரியுமா? சொம்பிலும் கையிலும். காய்ச்சிய பாத்திரத்திலேயே மூடி வையுங்கள். இன்னொரு குடத்துக்கு மாற்றி, அதில் டம்ளரோடு விரலையும் முக்கி எடுத்தால் காய்ச்சிய கேஸ் வீண். எவர்சில்வரில் அடியில் குழாய் வைத்த பாத்திரம் கிடைக்கிறது, அது நல்லது. ஒரு நாளைக்கு மேல் வைக்க வேண்டாம். பிள்ளைக்குப் புகட்ட ரப்பர் புட்டியைவிடப் பாலாடையே மேல். கழுவ மூலை முடுக்கு இல்லை. அதன் மூக்கு ஓரத்தில் மட்டும் பால் காய்ந்து ஒட்டிக்கொள்ளும், விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்துத் தேயுங்கள், பிறகு கொதிநீரில் போட்டு எடுங்கள்.

செம்புப் பாத்திரம் நல்லது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பெரியவர்கள் வைத்துக் குடிக்கட்டும், பிள்ளைக்கு வேண்டாம். நம் நாட்டில் முன்பு கைக்குழந்தைகளுக்கு ஈரல் சுருங்கிப்போகும் ஒரு நோய் இருந்தது, குடும்பம் குடும்பமாகப் பிள்ளைகளைக் கொண்டுபோனது. 1980-களில் புனேயில் நடந்த ஆராய்ச்சி, வெள்ளீயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரத்தில் காய்ச்சி வைத்த பாலிலிருந்து போன செம்போடு அதைத் தொடர்புபடுத்தியது. பாத்திரம் எவர்சில்வருக்கு மாற, நோயும் அரிதாகிவிட்டது. ஈயச் சொம்பும் அப்படித்தான். ரசத்துக்கு வைப்பது வெள்ளீயம், ஆனால் கலப்படமாகக் காரீயம் சேர்ந்திருந்தால் பார்த்தால் தெரியாது. பிள்ளைச் சாமான் எவர்சில்வராகவே இருக்கட்டும். தேத்தாங்கொட்டை, படிகாரம் இரண்டும் கலங்கலைத் தெளியவைக்கும், தெளிந்த தண்ணீரையும் காய்ச்ச வேண்டும்.

ஆக, உங்கள் வீட்டில் என்ன செய்வது? பஞ்சாயத்துக் குழாயில் வருவது ஒகேனக்கல் தண்ணீர்தானா, அல்லது ஊர் போரை மேல்நிலைத் தொட்டியில் கலந்து விடுகிறார்களா என்று தொட்டி ஆபரேட்டரிடம் கேளுங்கள். காவிரித் தண்ணீர் என்றால் வருகிற அன்று பிள்ளைக்கு மட்டும் தனிக் குடத்தில் பிடித்து மூடி வையுங்கள். உங்கள் சம்ப்பில் போர் தண்ணீரோடு கலக்க விடாதீர்கள்.

அதோடு இரண்டு தண்ணீரையும் சோதித்துவிடுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடங்களில் பொதுமக்களும் சிறு கட்டணத்துக்குக் கொடுத்துப் பார்க்கலாம். ரசாயனச் சோதனைக்கு மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரில் மூன்று தரம் அலசி நிறைத்து மூடுங்கள். எண்ணெய் கேன், குளிர்பான பாட்டில் கொண்டுவராதீர்கள், அந்தக் கொடுமையை நான் நிறையப் பார்த்தாயிற்று. கிருமிச் சோதனைக்குக் கூடத்திலேயே தனிப் பாட்டில் தருவார்கள். அதை அலசக் கூடாது, அடியில் போட்டிருக்கும் மருந்து தண்ணீரிலுள்ள குளோரினை முறிப்பதற்கானது, அலசினால் போய்விடும். ஐஸில் வைத்து அன்றைக்கே கொண்டுசேர்க்க வேண்டும். ஈகோலி (மலத்திலிருந்து வரும் கிருமி) என்ற வரியில் 100 மில்லிக்கு இல்லை என்று வர வேண்டும். கூடத்துக்குப் போக முடியாவிட்டால் ஹெச்டூஎஸ் குப்பி என்று ஒன்று இருக்கிறது. 1982-ல் இந்திய விஞ்ஞானிகள் கண்டுபிடித்த எளிய சோதனை. தண்ணீரை நிரப்பி ஒன்றிரண்டு நாள் அறையில் வைத்தால் சாக்கடைத் தொடர்புள்ள தண்ணீர் மை மாதிரிக் கறுத்துவிடும். உங்கள் பஞ்சாயத்தில் களச் சோதனைப் பெட்டி இருக்கிறதா என்று கேளுங்கள், அதிலும் இது இருக்கும்.

மழைக்கு முன் ஒரு தரம், மழை ஓய்ந்தபின் ஒரு தரம் பாருங்கள். கோடையில் ஃபுளோரைடு ஏறும், மழையில் நைட்ரேட்டும் கிருமியும் கிணற்றுக்குள் இறங்கிக் கூடும்.

வீட்டுக்காரரை மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்காமல் ஒரு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு 1-க்கு மேலேயோ நைட்ரேட் 45-க்கு மேலேயோ இருந்து, காவிரித் தண்ணீரும் ஒழுங்காகக் கிடைக்காது என்றால் ஆர்ஓ வாங்கட்டும், வாங்கியபின் வெளியே வரும் தண்ணீரையும் ஒரு தரம் சோதிக்கட்டும். இரண்டும் அளவுக்குள் இருந்தால் மாமியார் ஜெயித்தார். குழாய் வைத்த ஒரு எவர்சில்வர் பாத்திரமும், கொதி வந்து ஒரு நிமிஷமும் போதும். பிள்ளைக்கு ஆறு மாதம் நிறைவதற்குள் எல்லாம் தயாராகிவிடும்.